மறுமொழி: பெருக்கியில் வரும் அந்தக் கரகரப்பு – 'தோள்மாற்றுக் குலைவு' எனலாமா?

அன்பர்களுக்கு வணக்கம். டிரான்சிஸ்டர் பெருக்கியில் ஒலியைக் கெடுக்கும் 'crossover distortion' என்ற கோளாறுக்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் இழையில், முன்மடல்களில் வந்த இரண்டு பரிந்துரைகளுக்கு என் மறுமொழி இது.

> 'குறுக்குத் திரிபு' என்றே வைத்துவிடலாம். ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் அந்தப் பொருள்தானே?

இதை என்னால் ஏற்க முடியவில்லை. 'திரிபு' தமிழ்நாட்டு இயற்பியல் பாடநூலில் ஏற்கெனவே வேலையில் இருக்கிறது. தகைவு, திரிபு என்று யங் குணகம் படித்த மாணவனுக்கு அது கம்பியின் நீட்சியைத்தான் நினைவூட்டும். 'குறுக்கு' இன்னும் மோசம். ஒலிபெருக்கிப் பெட்டிக்குள் தாழொலியையும் உச்சவொலியையும் பிரித்தனுப்பும் வடிப்பானுக்கும் ஆங்கிலத்தில் இதே 'crossover' என்ற பெயர்தான். ஒரே மேசையில் இரண்டையும் பழுதுபார்ப்பவர் என்ன செய்வார்?

சொல்லை விட்டுவிட்டுப் பொருளைப் பார்ப்போம். காவடிக்கு முன்பு ரோஸ் ஹில் பக்கத்துக் கோயில் ஒன்றிலிருந்து ஓர் 'அம்ப்லி' என் மேசைக்கு வந்தது. (மொரிஷியஸில் பெருக்கி என்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.) உரக்க வைத்தால் நாகசுரம் ஒழுங்காகக் கேட்டது, ஒலியைத் தணித்தால் கரகரத்தது. இந்த ஓர் அறிகுறியே பாதி விடை. பெருக்கியின் எல்லையை மீறி முகடு வெட்டுப்பட்ட அலை என்றால் உரக்க வைக்கும்போதுதான் கெட்டிருக்கும்.

அலைகாட்டியில் பார்த்தபோது, சைன் அலை சுழிக்கோட்டை (0 வோல்ட் கோட்டை) கடக்கும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு சிறு தட்டை. வெளியீட்டில் இரண்டு டிரான்சிஸ்டர்கள்: அலையின் மேல் பாதியை என்பிஎன் வகை தள்ளுகிறது, கீழ்ப் பாதியைப் பிஎன்பி வகை இழுக்கிறது. டிரான்சிஸ்டரின் அடிவாய் (base), உமிழ்ப்பான் (emitter) என்ற இரு முனைகளுக்கும் இடையில் ஏறத்தாழ 0.6 வோல்ட் இல்லாமல் இரண்டும் விழிக்காது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் இரு அடிவாய்களுக்கும் நடுவே இரண்டு டயோடுகளைப் போடுகிறோம். உள்ளீடு எதுவும் தராமல் அங்கே அளந்தேன். 1.2 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 0.6தான் இருந்தது. 0.22 ஓம் உமிழ்ப்பான் மின்தடையின் இரு முனைகளுக்கிடையே சில மில்லிவோல்ட்டாவது காட்ட வேண்டும். மீட்டர் சுழியிலேயே நின்றது. உள்ளீடு இல்லாதபோதும் சிறிதளவு பாய வேண்டிய ஓய்வு மின்னோட்டமே இல்லை. ஒரு டயோடு குறுக்குச்சுற்றாகியிருந்தது.

அதே சுற்றை, மின்சுற்றைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் எல்டிஸ்பைஸ் (LTspice) நிரலில் வரைந்தபோது அலை வழவழப்பாக வந்தது. வரத்தான் செய்யும், வரைபடத்தில் டயோடு சாவதில்லை. ஒரு டயோடின் குறுக்கே கம்பி போட்டு மறுபடி ஓட்டியதும் அதே தட்டை தோன்றியது. 1 கிலோஹெர்ட்ஸ் கொடுத்தால் அலைவெண் வரைபடத்தில் 3, 5, 7 கிலோஹெர்ட்ஸில் முட்கள் எழுந்தன. இரு பாதியும் ஒரே மாதிரி கெடுவதால் ஒற்றைப்படை ஒத்திசைகளே (மூல அலைவெண்ணின் ஒற்றைப்படை மடங்குகளே) மேலோங்குகின்றன. தட்டையின் அளவு மாறாதது. 10 வோல்ட் அலையில் அது துளி, அரை வோல்ட் அலையிலோ பெரும்பங்கு. தணித்தால் கரகரத்தது இதனால்தான்.

> 'கைமாற்றுத் திரிபு' நன்றாக இல்லையா?

ஒரு டிரான்சிஸ்டர் மற்றதன் கையில் அலையை ஒப்படைக்கிறது என்ற கருத்து சரியானது. ஆனால் கைமாற்று என்றால் வட்டியில்லாமல் வாங்கும் சில்லறைக் கடன். 'அம்ப்லியில் கைமாற்று' என்றால் நான் யாரிடமோ பணம் கேட்கிறேன் என்று நினைப்பார்கள்.

என் பரிந்துரை: தோள்மாற்றுக் குலைவு. சுவாமி புறப்பாட்டில் பல்லக்குச் சுமப்பவர் தோளை எடுத்த பிறகு அடுத்தவர் தோள் கொடுத்தால் பல்லக்கு ஒரு கணம் இறங்கி ஏறும். அடுத்தவர் முன்கூட்டியே தோளை ஒட்டி வைத்திருந்தால் அசைவே தெரியாது. அந்த 'முன்கூட்டியே' தான் ஓய்வு மின்னோட்டம். காரணம், தீர்வு இரண்டும் பெயருக்குள்ளேயே இருக்கின்றன. தமிழைப் பள்ளியிலும் கோயிலிலும் கற்று, பட்டறையில் கிரியோல் பேசும் இங்குள்ள பிள்ளைக்கு இதை ஒரே வாக்கியத்தில் விளக்கிவிடலாம். 'சுழிக்கடப்புக் குலைவு' என்ற மாற்றும் தவறில்லை. ஆனால் அது எங்கே கெடுகிறது என்று மட்டும் சொல்கிறது, ஏன் என்று சொல்லவில்லை. நீளம் பற்றிக் குறை சொல்பவர்கள் 'தோள்மாற்று' என்று சுருக்கிக்கொள்ளட்டும்.

இதை ஒட்டி இன்னொரு சொல்லும் தேவைப்படுகிறது. டிரான்சிஸ்டர் சூடேறினால், ஒவ்வொரு டிகிரிக்கும் அந்த 0.6 வோல்ட்டில் ஏறத்தாழ 2 மில்லிவோல்ட் குறையும். மின்னோட்டம் கூடும், இன்னும் சூடேறும், கடைசியில் எரியும். டயோடுகளை வெப்பத்தகட்டோடு ஒட்டவைப்பது இதற்காகத்தான். எல்டிஸ்பைஸ் இதைக் காட்டித் தராது. நாம் மாற்றாவிட்டால் எல்லா உறுப்பையும் 27 டிகிரியில் வைத்தே கணக்கிடும். இந்தத் தன்னெரிப்புக்கு 'வெப்ப ஓட்டம்' என்று சிலர் எழுதுகிறார்கள். வெப்பம் கடத்தப்படுவதோடு அது குழம்பும். 'வெப்ப மீறல்' எப்படி? பொறியியல் ஆசிரியர்கள் யாராவது சொல்லுங்கள்.

அன்புடன்,
போர்ட் லூயிஸிலிருந்து