புதுப்பிப்பு: மால்டனில் வீடு வாங்கலாமா என்று கேட்டிருந்தேன்

ஆஸ்திரேலியாவில், விக்டோரியாவின் பழைய தங்கச் சுரங்க ஊர்களில் சிறு வீடு வாங்கலாமா என்று மூன்று மாதங்களுக்கு முன் கேட்டிருந்தேன். "மண்ணைப் பரிசோதிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்" என்ற நண்பருக்கு முதல் நன்றி.

கிளூன்ஸ், காசில்மெய்ன், மால்டன் மூன்றையும் சுற்றினோம். 1851இல் தங்கம் கிடைத்த கிளூன்ஸும் அழகுதான். ஆனால் மனம் நின்றது மால்டனில். கடைத்தெருவின் தாழ்வாரங்கள் இன்னும் பழைய கோலத்திலேயே இருக்கின்றன. காசில்மெய்னிலிருந்து நீராவி ரயிலில் போய் இறங்குங்கள், நான் சொல்வது புரியும்.

பிடித்துப்போன வீட்டின் கொல்லையில் சாம்பல் நிற மேடு ஒன்று. புல்கூட முளைக்கவில்லை. கையில் எடுத்தால் சலித்த மாவுபோல் விரலிடுக்கில் வழிந்தது. தங்கத்துக்காகப் பாறையை அரைத்துக் கழித்த மண் அது. பரிசோதனையில் ஆர்சனிக் என்ற நச்சுப்பொருள் மிகுதி என்று வந்தது. பிள்ளைகள் விளையாடி, கீரை போட நினைத்த இடம்! விற்பவரின் முகவர் இதைப்பற்றி வாயே திறக்கவில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

அதை விட்டுவிட்டோம். இரண்டு தெரு தள்ளி வேறொரு மரப்பலகை வீடு; மண் சுத்தம், அருகில் பழைய சுரங்கக் குழியும் இல்லை. பாரம்பரியப் பகுதி என்பதால் முகப்பை மாற்ற நகராட்சி அனுமதி வேண்டும். எங்களுக்கு மாற்றும் எண்ணமே இல்லை. அடுத்த மாதம் பத்திரம்.