மறதி நோய்: பார்த்துக்கொள்பவருக்கு அரசு பணம் தர வேண்டுமா?

திருமங்கலம் வாசு: மறதி நோய் (டிமென்ஷியா) வந்த பெரியவரை வீட்டில் பார்ப்பவருக்கு அரசு மாதாமாதம் பணம் தர வேண்டும் என்று செல்வி எழுதியிருக்கிறார். பெற்றவர்களைப் பார்க்கக் கூலியா? முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாயையே மகன் பிடுங்கிக்கொள்கிற வீடுகள் எங்கள் தெருவில் உண்டு. இதுவும் அங்கேதான் போகும். பெற்றோர், முதியோர் பராமரிப்புக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆர்.டி.ஓ.விடம் மனு கொடுத்தால் பிள்ளைகளிடம் மாதம் 10,000 வரை வாங்கலாமே.

ஆனையூர் செல்வி: அண்ணே, அந்தச் சட்டம் கைவிடப்பட்டவர்களுக்கு. என் மாமியாரை யாரும் கைவிடவில்லை. கதவு திறந்திருந்தால் கூடல் நகர் ஸ்டேஷன் பக்கம் போய் நிற்பார், அதனால் ஒரு ஆள் கூடவே இருக்கணும். தையல் வேலையை விட்டுவிட்டேன். மாத்திரைச் செலவைச் சமாளிக்கலாம், போன வருமானத்தை என்ன செய்ய? 2010இல் இந்திய அல்சைமர் சங்கம் மறதி நோயின் செலவை ஆண்டுக்கு 14,700 கோடி ரூபாய் என்று கணக்கிட்டது. அதில் பாதிக்கு மேல் வீட்டு ஆட்கள் சம்பளமில்லாமல் பார்க்கிற வேலையின் மதிப்புதான்.

வாசு: 70 வயதானால் மத்திய அரசின் 5 லட்சம் ரூபாய் மருத்துவக் காப்பீடு இருக்கிறதே, தங்கச்சி.

செல்வி: ஆஸ்பத்திரியில் சேர்த்தால்தானே அது? குளிப்பாட்டுவதற்கும் ஊட்டிவிடுவதற்கும் எந்த வார்டில் சேர்ப்பது?

மேலூர் கண்ணன்: நாட்டில் 60 வயது கடந்தவர்களில் 7.4 சதவீதம், அதாவது 88 லட்சம் பேருக்கு இந்த நோய் என்கிறது 2023இல் வந்த ஆய்வு. அத்தனை வீட்டுக்கும் ரொக்கம் என்றால் கட்டுப்படியாகாது. ஒன்றியத்துக்கு ஒரு பகல் பராமரிப்பு மையம் திறக்கட்டும். செல்வி மறுபடி வேலைக்குப் போகலாம்.

செல்வி: வந்தால் நல்லதுதான். ஆனால் பொழுது சாய்ந்த பிறகுதான் அமர்க்களமே. ‘எங்க வீட்டுக்குப் போகணும்’ என்று பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார். அந்த நேரத்தில் உங்கள் மையம் பூட்டியிருக்கும். ராத்திரி தூங்காதவள் காலையில் எந்த வேலைக்குப் போவது?

வாசு: சரி, பணம் மகன் கைக்குப் போகாது என்பதற்கு என்ன உத்தரவாதம்? அதற்கு இன்னும் பதில் இல்லை.

செல்வி: மகளிர் உரிமைத் தொகை 2023லிருந்து பெண்கள் கணக்குக்கே நேராக வருகிறதே, அந்த மாதிரி பார்த்துக்கொள்பவர் கணக்கில் போடட்டும்.

வாசு: அப்புறம் மகன், ‘அதான் உனக்குக் காசு வருதே’ என்று ஒதுங்கிக்கொள்வார்.

செல்வி: காசு வராத இப்போது மட்டும் ராத்திரி எழுந்திரிக்கிறாரா, அண்ணே?