கிளைடு (glide), ஸோர் (soar): ரெண்டும் ஒண்ணு இல்லையா?

மொட்டைமாடி:
பொண்ணு எட்டாவது படிக்கிறா. இங்கிலீஷ் டெஸ்ட்ல, கழுகு மலைக்கு மேல உயர உயர போச்சுன்னு வர்ற எடத்துல கிளைடுன்னு எழுதிருக்கா, மிஸ் அடிச்சுட்டு ஸோர்னு திருத்தி அரை மார்க் கொறைச்சிட்டாங்க. டிக்‌ஷனரில பாத்தா ரெண்டுமே றெக்கை அடிக்காம பறக்குறதுன்னுதான் இருக்கு. போய் கேக்கலாமா?

வானம்பாடி:
கேக்காதீங்க, மிஸ் சரி. கிளைடுன்னா எறங்கிக்கிட்டே போறது. ஆனமலைப் பக்கம் பறக்கும் அணில் இருக்குல்ல, ஒசந்த மரத்துலருந்து தாவி தோலை விரிச்சு தூரத்து மரத்துல கீழ்ப்பக்கமா வந்து ஒட்டும், அப்புறம் அந்த மரத்துல ஏறிட்டுதான் அடுத்த தாவல். ஸோர் பண்றது பருந்து. வெயில் ஏறி தரை சூடானதும் சூட்டுக் காத்து மேல எழும்பும், அதை விட்டு வெளிய போயிடக்கூடாதுன்னுதான் அது வட்டம் போடுது. அப்பவும் அந்தக் காத்துக்குள்ள அது எறங்கிக்கிட்டுதான் இருக்கு, ஆனா காத்து அதைவிட வேகமா ஏறுறதால நமக்கு மேல போற மாதிரி தெரியும், நிஜமாவே மேலதான் போகுது.

டீக்கடை பெஞ்ச்:
நான் மொதல்ல சோறுன்னு படிச்சுட்டேன் 😀 பேப்பர்ல தங்கம் வெல ஏறுனா ஸோர்னு போடுவான், கிளைடுன்னு போட்டு பாத்துருக்கீங்களா?

ஜன்னல் சீட்:
1983ல ஏர் கனடா போயிங் 767 ஒண்ணு, கிலோவுக்கும் பவுண்டுக்கும் கணக்கு கொழம்பி எரிபொருள் கம்மியா போட்டு நடுவானத்துல ரெண்டு இன்ஜினும் நின்னுபோச்சு, அப்படியே எறங்கி எறங்கி கிம்லிங்குற பழைய ஓடுதளத்துல போய் நின்னுது, உள்ள இருந்த 69 பேரும் தப்பிச்சாங்க. அது கிளைடு. அதால ஒரு அடிகூட ஏறியிருக்க முடியாது.

மொட்டைமாடி:
அப்போ இன்ஜின் இல்லாத விமானத்துக்கு ஏன் கிளைடர்னு பேரு? அது மணிக்கணக்கா மேலயே சுத்துதே?

வானம்பாடி:
நல்லா கேட்டீங்க. ஆரம்பத்துல அதெல்லாம் குன்றுலருந்து கீழ எறங்குற வண்டிதான், பேரு அப்படியே தங்கிடுச்சு. 1911ல ஆர்வில் ரைட் கிட்டி ஹாக் பக்கம் மணல்மேட்டுல மோதி மேல எழும்புற காத்தைப் புடிச்சு 9 நிமிஷம் 45 செகண்ட் எறங்காம நின்னாரு, அது கிளைடர்ல பண்ண ஸோர்.

மொட்டைமாடி:
பொண்ணுகிட்ட சொன்னேன், மாடிக்கு கூட்டிட்டு போய் பருந்தையும் காட்டுனேன். அது உச்சிக்குப் போயிட்டு வட்டத்தை விட்டுட்டு நேரா சரிஞ்சு அந்தப் பக்கம் போச்சு. இப்போ இது கிளைடுதானேப்பாங்குறா.

வானம்பாடி:
கிளைடேதான். அடுத்த சூட்டுக் காத்து கெடைக்குற வரைக்கும்.