வெங்காயம், பூண்டு இல்லாத சாப்பாடு பினாங்கு ஜார்ஜ்டவுனில் கிடைக்குமா?

வணக்கம். வாடகை அறையில் இருக்கிறேன், ரைஸ் குக்கர் ஒன்றுதான் உண்டு. யோகா மாஸ்டர் சாத்விக உணவுக்கு மாறச் சொல்லிவிட்டார். பால், நெய், பழம், பாசிப்பயறு சரி. வெங்காயம், பூண்டு, அதிகக் காரம், பழைய சாப்பாடு கூடாது. அரை வயிறு சோறு, கால் வயிறு தண்ணீர், மீதி காலியாம். (அந்தக் காலிதான் எனக்குக் கஷ்டம்!)

லிட்டில் இந்தியாவில் சைவக் கடைக்குக் குறையில்லை, ஆனால் சாம்பாரிலேயே சின்ன வெங்காயம் மிதக்கிறது. சீன பௌத்த சைவக் கடைகளில் பொதுவாக வெங்காயம், பூண்டு சேர்ப்பதில்லை. ஆனால் பாதித் தட்டு சோயாவில் செய்த போலி இறைச்சி. தினமும் ஒத்துவரவில்லை.

மதியத்துக்குத் தாப்பாவ் (பார்சல்) கட்டித் தருகிற வீட்டுச் சமையல் அக்கா யாராவது தெரியுமா? பட்டர்வொர்த் வேண்டாம், ஃபெர்ரி ஏற நேரமில்லை. காலையில் பசியாற குக்கரில் செய்யக்கூடியது இருந்தாலும் சொல்லுங்கள்.