வோர்குத்தாவில் சுரங்கம் மூடிய பிறகும் மக்கள் ஏன் இருக்கிறார்கள்?

கேள்வி

வணக்கம். ரஷ்யாவின் கோமி குடியரசில், ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே உள்ள வோர்குத்தா என்னும் நிலக்கரி நகரைப் பற்றிச் சில நாள்களாகப் படித்து வருகிறேன். நகரைச் சுற்றி வளையமாக ஓடும் சாலையில் ஒவ்வொரு சுரங்கத்தையும் ஒட்டி ஒரு குடியிருப்பு இருந்திருக்கிறது. சுரங்கங்கள் மூடப்பட மூடப்பட அவையும் வெறிச்சோடின. 1989-இல் 1,15,000 பேர் வாழ்ந்த நகரில் 2021 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 57,000 பேர்தான் இருக்கிறார்கள். வீட்டை அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டாம். நிலக்கரி தீர்ந்துவிட்டதா? தீர்ந்ததென்றால், எஞ்சியவர்கள் அந்தக் குளிரில் ஏன் இன்னும் கிடந்து தவிக்கிறார்கள்?

மறுமொழி 1

நிலக்கரி தீரவில்லை, நண்பரே. எஃகு ஆலைகளுக்குத் தேவையான நல்ல கரி, வோர்குத்தா அமைந்துள்ள பெச்சோரா படுகையில் இன்னும் ஏராளமாக இருக்கிறது. அதை வெட்டி எடுத்து, தெற்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் செலவுதான் கட்டுப்படியாகவில்லை. 1930-இல் கியோர்கி செர்னோவ் என்ற நிலவியலாளர் அங்கே கரியைக் கண்டறிந்ததும், செலவைப் பற்றிக் கவலைப்படாமல் கைதிகளைக் கொண்டு சுரங்கம் வெட்டினார்கள். 1941 இறுதியில் வோர்குத்தாவை எட்டிய இருப்புப்பாதையும் கைதிகள் போட்டதே. இரண்டாம் உலகப் போரில், உக்ரைனின் நிலக்கரிப் பகுதியான தோன்பாஸ் ஜெர்மானியர் வசம் போனபின் அந்தக் கரி நாட்டுக்கு இன்றியமையாததாயிற்று. கைதிகளை அடைத்து வைத்திருந்த முகாம்கள் கலைந்த பிறகு, சம்பளத்தில் 80 சதவீதம் வரை கூடுதலாகக் கிடைக்கும் 'வடக்குப் படி'யும், முன்கூட்டியே கிடைக்கும் ஓய்வூதியமும் ஆட்களை இழுத்து வந்தன. 1990-களில் அரசு மானியம் குறைந்ததும் கணக்கு உதைத்தது. மீத்தேன் ஆபத்து வேறு. 2016 பிப்ரவரியில் 'செவெர்னயா' சுரங்க வெடிப்பில், மீட்கப் போனவர்களையும் சேர்த்து 36 பேர் இறந்தார்கள். தீயை அணைக்கச் சுரங்கத்தையே நீரால் நிரப்ப வேண்டியதாயிற்று. அடியில் சிக்கியவர்களின் உடல்களை மேலே கொண்டுவர முடியாமல் எடுக்கப்பட்ட அந்த முடிவை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

மக்கள் இருப்பதற்கான காரணம் எளிது: வீட்டை விற்றால் வரும் பணத்தில் தெற்கே ஓர் அறைகூட வாங்க முடியாது. வடக்கிலிருந்து வெளியேறுவோருக்கு வீட்டு மானியம் தரும் சட்டம் 2002-இல் வந்தது. ஆனால் 1992-க்கு முன்பே அங்கே வந்திருக்க வேண்டும், குறைந்தது 15 ஆண்டுகள் வடக்கில் வாழ்ந்திருக்க வேண்டும், அதன்பின் வரிசையில் காத்திருக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகள், ஓய்வூதியர், வேலையற்றோர் ஆகியோருக்குப் பின்னரே வேலையில் உள்ளவரின் முறை வரும். காத்திருப்பிலேயே வயது போய்விடுகிறது.

மறுமொழி 2

நான் கிரோவ் நகரில் மருத்துவம் படித்தபோது, வோர்குத்தா வளையத்துக் குடியிருப்பு ஒன்றில் பிறந்து வளர்ந்த பெண் என் வகுப்பில் இருந்தாள். அவள் சொன்ன ஒன்று மறக்கவில்லை. அங்கே வெப்பம் பொது நிலையத்திலிருந்து, நிரந்தர உறைநிலத்தின் மேலே போடப்பட்ட தடித்த குழாய்கள் வழியாக, சுடுநீராக வருகிறது. ஒரு கட்டடத்தில் நான்கு குடும்பம் இருந்தாலும் நாற்பது இருந்தாலும் குழாயைச் சூடாகவே வைத்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டார் காலி செய்து போன ஆண்டு, இவர்கள் வீட்டுச் சுவரின் ஒரு பக்கம் மட்டும் தொட முடியாத அளவு சில்லிட்டிருந்ததாம். தாயார் அந்தச் சுவரில் கம்பளத்தைத் தொங்கவிட்டு, கட்டிலை எதிர்ப்பக்கம் இழுத்துப் போட்டாராம். பிறகு எங்கோ குழாய் உடைந்து, மாடிப்படி முழுக்க நீர் வழிந்து அப்படியே உறைந்து, படிகள் எங்கே என்றே தெரியாதபடி ஒரே பனிச்சரிவாகிவிட்டது.

அரைகுறையாக நிரம்பிய கட்டடங்களில் உள்ளவர்களை ஓரிடத்தில் சேர்த்துவிட்டு மற்றவற்றின் இணைப்பைத் துண்டிப்பதே நகராட்சியின் நடைமுறை. ஊர் சுருங்குவதைத் தீர்மானிப்பது சுரங்கத்தைவிட அந்தக் குழாய்கள்தான் என்பது என் எண்ணம்.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. அப்படியானால் ஒரே தீர்மானத்தில் குடியிருப்பை மூடி, எல்லோரையும் வேறிடத்தில் குடியமர்த்துவது நல்லதல்லவா?

மறுமொழி 3

அதை ஒருமுறை செய்து பார்த்துவிட்டார்கள், ஐயா. வோர்குத்தாவுக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டரில் ஹால்மேர்-யூ என்ற சிற்றூர் இருந்தது. 1957-இல் சுரங்கம் தொடங்கிய அவ்வூரை மூட 1993 இறுதியில் அரசு முடிவெடுத்தது. 1995 இலையுதிர்காலத்தில், வாக்களித்த வீடுகள் பலருக்குக் கிடைக்காத நிலையில், சிறப்புக் காவல் படையைக் கொண்டு மக்களை வெளியேற்றினார்கள். கதவை உடைத்து ஆட்களைத் தொடர்வண்டியில் ஏற்றியதாக அன்று அங்கிருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். மாற்றுவீடு கையில் வராமல் ஊரை மூடுவது தீர்வாகாது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. சாவியைக் கொடுத்துவிட்டுத்தான் குழாயை அடைக்க வேண்டும்.

ஆளற்றுப் போன ஹால்மேர்-யூ பின்னர் விமானப்படையின் பயிற்சிக் களமாயிற்று. 2005 ஆகஸ்டில் அதிபர் புதின் பறந்த தூ-160 விமானத்திலிருந்து ஏவப்பட்ட ஏவுகணைகளுக்கு இலக்காக இருந்தது, ஒரு காலத்தில் சுரங்கத் தொழிலாளர் குடும்பங்கள் மாலை வேளைகளில் கூடிய பண்பாட்டு மாளிகை.