பழைய குத்தகைச் சீட்டு, சங்க நோட்டீஸ் யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம். கும்பகோணத்தில் எம்.ஏ. வரலாறு படிக்கிறேன். 1952-இல் வந்த தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம்தான் (பண்ணைக் கூலியாட்களையும் குத்தகைதாரர்களையும் காக்க வந்த சட்டம்) என் ப்ராஜெக்ட். சட்டம் சொன்னது நூலகத்தில் கிடைத்துவிட்டது. களத்துமேட்டில் கூலி நெல் அளந்தபோது நடந்தது எங்கே கிடைக்கும்?

என் தாத்தா காலையில் தேவாரம் பாடுவார், சாயங்காலம் சிவப்புத் துண்டோடு விவசாயிகள் சங்கக் கூட்டத்துக்குப் போவார். அவருக்கு இரண்டும் இடித்ததே இல்லை. எனக்கு இடிக்கிறது. கோயில், மடத்து நிலங்களில் உழுதவர்கள் பட்டபாட்டைப் படித்த பிறகு வடம் பிடிக்கக் கை தயங்குகிறது. ஆனாலும் திருவாரூர் ஆழித்தேர் அசைந்தால் கண் கலங்கிவிடுகிறது (இதை வகுப்பில் சொன்னால் சிரிப்பார்கள்).

சரி, விஷயத்துக்கு வருகிறேன். திருவாரூர், நாகை, மன்னார்குடி பக்கம் அந்தக் காலத்துக் கூலி, குத்தகை நினைவிருக்கும் பெரியவர்கள் இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். எந்தக் கட்சியானாலும் பரவாயில்லை, மிராசு (நிலக்கிழார்) வீட்டார் பேசினாலும் கேட்டுக்கொள்வேன். காகிதம் எதையும் வாங்கிப் போகமாட்டேன், போட்டோ மட்டும் போதும்.