பொலித்கோவ்ஸ்கயா எல்லை தாண்டினாரா?

கடலோடி:
ரஷ்யாவிலிருந்து பிரிய முயன்ற செச்னியாவில் நடந்த போரை ஆன்னா பொலித்கோவ்ஸ்கயா அளவுக்கு விடாப்பிடியாக எழுதிய ரஷ்யச் செய்தியாளர் அரிது. ஆனால் 2002இல் செச்னிய ஆயுததாரிகள் மாஸ்கோவின் துப்ரோவ்கா நாடக அரங்கைக் கைப்பற்றி, உள்ளிருந்தவர்களைப் பிணைக்கைதிகளாக்கியபோது, அவரே பேச்சுவார்த்தைக்கு உள்ளே போனார். 2004இல் பெஸ்லான் பள்ளி முற்றுகையின்போது செச்னியப் பிரிவினைத் தலைவர் மஸ்கதோவைத் தலையிட வைக்க முயன்றார். நிகழ்வில் பங்கெடுத்தவரின் எழுத்தைச் சாட்சியமாக எப்படி ஏற்பது?

வெண்பா:
உள்ளே போய் என்ன செய்தார்? பிணைக்கைதிகளுக்குத் தண்ணீரும் பழச்சாறும் கொண்டுபோனார். பிறகு அரசுப் படைகள் செலுத்திய வாயுவால்தான் நூற்றுக்கும் மேற்பட்டோர் மடிந்தனர். பெஸ்லானுக்கு அவரால் போய்ச்சேரவே முடியவில்லை. விமானத்தில் தேநீர் குடித்து நினைவிழந்தார்.

கடலோடி:
அந்தக் கொடுமையை யார் நியாயப்படுத்தினார்கள்? பக்கச்சார்பு என்ற பழி அவர்மீது விழுந்தால் பாதிக்கப்பட்டவர்களின் வழக்குதான் பலவீனப்படும் என்கிறேன்.

நெய்தல்:
வழக்கையே எடுத்துக்கொள்வோம். 2001இல் செச்னியத் தலைநகர் குரோஸ்னியில் போலீஸ் பிடித்துச்சென்ற ஓர் இளைஞர் திரும்பவே இல்லை. செர்கேய் லாபின் என்ற அதிகாரியின் பெயரைப் போட்டே ஆன்னா எழுதினார். மிரட்டல் வந்தது, சில காலம் வியன்னாவில் தங்க நேர்ந்தது. 2005இல் லாபினுக்கு 11 ஆண்டுச் சிறை. எந்தப் பழியும் அந்த வழக்கைச் சாய்க்கவில்லையே!

கடலோடி:
அது எழுத்தின் வெற்றி நண்பரே. துப்ரோவ்காவுக்குள் நுழைந்ததால் கிடைத்ததல்ல.

வெண்பா:
இரண்டையும் அப்படிப் பிரிக்க முடியாது. 1999 இறுதியில் குண்டுகள் விழுந்துகொண்டிருந்த குரோஸ்னியிலிருந்து முதியோர் இல்லத்தில் இருந்தவர்களை வெளியேற்ற ஏற்பாடு செய்தவர் அவர். அன்று குறிப்பேட்டை மூடிக்கொண்டு மாஸ்கோவுக்குத் திரும்பியிருந்தால், மகனைப் பறிகொடுத்த தாய் அவரை நம்பி வாய் திறந்திருப்பாளா? அந்த நம்பிக்கை இல்லாமல் நீங்கள் கேட்கும் சாட்சியம் எங்கிருந்து வரும்?

நெய்தல்:
2006 அக்டோபர் 7 அன்று வீட்டு மின்தூக்கியில் சுட்டுக்கொல்லப்பட்டபோது, செச்னியச் சித்திரவதைகள் குறித்த கட்டுரையில்தான் ஈடுபட்டிருந்தார். 2014இல் ஐவருக்குத் தண்டனை கிடைத்தது. ஏவியவர் யாரென்று ரஷ்யா சரிவர விசாரிக்கவில்லை என 2018இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தண்டிக்கப்பட்டவர்களில் ஒருவர் உக்ரைன் போருக்குப் போனதால் மன்னிப்புப் பெற்ற செய்தி 2023இல் வந்தது. எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

கடலோடி:
அந்த மன்னிப்பு அநீதி. அதில் நமக்குள் வேறுபாடில்லை. முதியவர்களை மீட்டதும் மனிதக் கடமை. ஆயுததாரிகளுக்கும் அரசுக்கும் நடுவே போய் நின்றதை மட்டும் என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை.

வெண்பா:
ஆயுததாரிகளே அவரைத்தான் கேட்டார்கள். உள்ளே நூற்றுக்கணக்கானோர் சிக்கியிருக்கும்போது மறுத்திருக்க வேண்டும் என்கிறீர்களா?